நெப்டியூன் ஆறு மில்லிமீட்டர் தள்ளி

ஜூன் 4

பக்க அமைப்புப் பிரிவுக்கு,

வணக்கம். எங்கள் கோளரங்கத்துக்கு வரும் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதி இத்துடன் இருக்கிறது. புத்தகத்தின் கடைசி அட்டையோடு ஒட்டி, மடித்து மடித்து வைத்த ஒரு நீளத் தாள் வர வேண்டும். விரித்தால் இடது ஓரத்தில் சூரியன், வலது ஓரத்தில் நெப்டியூன், நடுவில் மற்ற கோள்கள். எல்லாம் உண்மையான தொலைவின் விகிதப்படி இருக்க வேண்டும். பாடப்புத்தகங்களில் எட்டுக் கோள்களும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல ஒட்டி ஒட்டி நிற்பதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

தொலைவுகளின் பட்டியல் வானியல் அலகில் இருக்கிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்தான் எங்களுக்கு ஒன்று. அந்தக் கணக்கில் வியாழன் ஐந்துக்குக் கொஞ்சம் மேல், நெப்டியூன் முப்பது. இவற்றை அச்சுக்குரிய உங்கள் அளவுகளில் மாற்றித் தர வேண்டுகிறேன். உங்கள் இயந்திரத்தில் ஒரு மீட்டர் அறுபது செ.மீ. வரைதான் தாள் ஓடும் என்று கேள்விப்பட்டேன்.

ஆகஸ்ட் இறுதியில் நான் பணி ஓய்வு பெறுகிறேன். அதற்குள் புத்தகம் வந்துவிட்டால் நல்லது. வேலையை யாரிடம் கொடுப்பது என்பதை உங்கள் முதலாளி அம்மா முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
விரிவுரையாளர், கோளரங்கம்


ஜூன் 9

அம்மையீர்,

தங்கள் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. இந்த வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நான் இங்கே வாரத்தில் நான்கு நாள் மட்டும் வருகிறவன். ஆயினும் வேலை தாமதமாகாது என்று நினைக்கிறேன்.

அச்சில் எங்கள் சிறிய அலகு பாயிண்ட். அங்குலத்தை எழுபத்திரண்டு சொச்சமாகப் பிரித்தால் கிடைப்பது. மில்லிமீட்டரில் சொன்னால் 0.35146. பன்னிரண்டு பாயிண்ட் சேர்ந்தால் ஒரு பைக்கா. தங்கள் அலகுகளோ கோடிக் கணக்கான கிலோமீட்டர்களில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பல விதமாகப் போட்டுப் பார்த்ததில், பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு பாயிண்ட் என்று வைப்பது வசதி. அப்படியானால் தங்களுடைய ஓர் அலகு ஏறத்தாழ நூற்றைம்பது பாயிண்ட். புதன் 58-இல் வரும். பூமி 150, வியாழன் 778. நெப்டியூன் 4,495 பாயிண்டில், அதாவது இடது ஓரத்திலிருந்து சரியாக 158 செ.மீ.யில் வந்து நிற்கும். தாள் போதும்.

இரண்டு சங்கடங்கள். இந்த அளவில் சூரியனே ஒன்றரை பாயிண்டுக்கு உள்ளேதான். தங்கள் புத்தகத்தின் எழுத்தில் வரும் முற்றுப்புள்ளி அளவு. வட்டம் எதுவும் வரையாமல் ஒரு முற்றுப்புள்ளியையே போட்டுவிடலாமா? இரண்டாவது, பூமி. அது ஒரு பாயிண்டில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. அதை அச்சிட எங்களால் இயலாது. மற்ற கோள்களும் அப்படித்தான். கோள் இருக்கும் இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போட்டுப் பெயரை எழுதலாம் என்பது என் யோசனை. யோசனை தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பக்க அமைப்பாளர்

பின்குறிப்பு: பட்டியலில் ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு சிறு கோடு போடப்பட்டிருந்தது. அப்படிக் கோடு போடுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். ஆகவே, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரி அலுவல் சம்பந்தமானது அல்ல. தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.


ஜூன் 14

காற்புள்ளி அவர்களுக்கு,

அம்மையீரா! இருபத்தேழு வருஷம் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவியவளுக்கு அம்மையீர். நலமாக இருப்பீர்களாம், அதுவும் மரியாதைப் பன்மையில். வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, பிறகு மறுபடி சிரித்தேன். கல்யாணமான முதல் மாதமே உங்களுக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்தேன். எந்தப் பேச்சையும் முடிக்காமல் பாதியில் நின்று மூச்சு வாங்குவீர்கள். அந்தப் பெயரை மாற்ற இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

நீங்கள் இன்னும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே அனுப்பினேன். இந்த ஊரில் வேறு அச்சகம் இல்லாமல் இல்லை.

முற்றுப்புள்ளிச் சூரியன் பிடித்திருக்கிறது. பூமிக்குக் கோடு மட்டும் என்பதும் சரி. "உன் பள்ளிக்கூடமும் நீயும் இந்தக் கோட்டைவிட மெல்லிசு" என்று கீழே போட்டுவிடுகிறேன். குழந்தைகள் அதற்குத்தான் சிரிக்கும்.

இப்போது அலுவல் அல்லாத செய்தி. ஓய்வு பெற்றால் இந்தக் குவார்ட்டர்ஸை ஆகஸ்ட் 31-க்குள் காலி செய்ய வேண்டும். பெரியவன் தினமும் போன் செய்கிறான். "அம்மா, இனிமே அங்க யாரு இருக்கா? டிக்கெட் போட்டுடட்டுமா? உனக்குத் தனி ரூம் இருக்கு" என்கிறான். மருமகளும் நல்ல மாதிரிதான் கூப்பிடுகிறாள். விமானத்தில் பதினொரு மணி நேரம். அங்கே போனால் திரும்பி வருவது இந்த வயதில் பேச்சுக்குத்தான். நானும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த வீடு ஒதுக்கினார்களே, அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் டேப்போடு வந்து ஒவ்வொரு வாசலையும் அளந்தீர்கள். உங்கள் புத்தக அலமாரி உள்ளே வர வாசல் அரை அங்குலம் போதாது என்றீர்கள். "நீ முன்னால போ, அலமாரிக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்" என்றீர்கள். நாம் சண்டைகூடப் போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது யாராவது சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். அரை அங்குலம் என்றால் உங்கள் கணக்கில் முப்பத்தாறு பாயிண்ட். இந்தத் தாளில் சூரியனிலிருந்து புதனுக்குக்கூட அது எட்டாது.

போகட்டும். தாளின் முடிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இதே அளவில் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் எங்கே?" அதன் தொலைவு 1.302 பார்செக். நான் பார்செக்கில் எழுதுகிறேன், நீங்கள் பைக்காவில் படியுங்கள். நம் குடும்பம் அப்படித்தானே நடந்தது.

இப்படிக்கு,
பதிவேட்டின்படி உங்கள் மனைவி


ஜூன் 21

அன்புள்ள உனக்கு,

முதலில் 'அன்பிற்குரிய' என்று எழுதி அடித்தேன், பிறகு 'அன்பு' என்று மட்டும் எழுதி அதையும் அடித்தேன். இது மூன்றாவது தாள்.

உன் கடிதத்துக்குப் போனில் பதில் சொல்லியிருக்கலாம் என்று முதலாளி அம்மா சொன்னார். "சார், ஒரே ஊருக்குள்ள லெட்டரா? நம்பர் இருக்குல்ல, அடிங்க" என்று போனை என் கையில் கொடுத்தும்விட்டார். நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். போனில் சொன்ன வார்த்தையை அடித்துவிட்டு வேறு வார்த்தை போட முடியாது. அது எனக்கு எப்போதும் பயம். உனக்குத் தெரியும்.

பார்செக் என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தேன். மூன்றேகால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக, உன் விண்மீன் நாலேகால் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஓர் ஒளியாண்டு என்பது நம் தாளில் தொண்ணூற்று நான்கு லட்சத்து அறுபதாயிரம் பாயிண்ட். இதையெல்லாம் பெருக்கினால் நான்கு கோடியே ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பாயிண்ட் வருகிறது. பைக்காவில் கேட்டாய், முப்பத்து மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். பெருக்கலை மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் ஒரே விடைதான். ஆயினும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு பெரிய எண்ணில் நான் எங்கேயாவது தவறு செய்யாமல் இருந்திருப்பேனா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சாதாரண அளவில் சொன்னால் பதினான்கு கிலோமீட்டர் நூற்றிருபது மீட்டர். தாளை இவ்வளவு நீளம் மடித்து ஒட்ட முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அலமாரி பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். அது சரியாக வரவில்லை.

பெரியவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனி அறை என்பது வசதிதான். அங்கே வானம் எப்படி, விளக்கு வெளிச்சம் அதிகமாக இருக்குமா என்று விசாரித்துக்கொள்.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் தொலைநோக்கியின் முக்காலியை முழுக்க விரித்து நிறுத்தினால் தரையில் எவ்வளவு இடம் எடுக்கும்?

இப்படிக்கு,
காற்புள்ளி


ஜூன் 27

காற்புள்ளிக்கு,

ஒரு மீட்டர் பத்து செ.மீ. உங்கள் மொழியில் மூவாயிரத்து நூறு பாயிண்டுக்கு மேல். எதற்கு என்று கேட்க மாட்டேன். கேட்டால் காரணம் வந்து சேர இன்னொரு பதினோரு வருஷம் ஆகும்.

'பெரியவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து டிராயரில் போட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. அவன் பேச்சில் நியாயம் இருப்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்ல நீங்கள் வேண்டுமா? போன வியாழக்கிழமை அவன் கேட்டதும் "சரிப்பா, போடு" என்றுவிட்டேன். செப்டம்பர் 3-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. யாரும் தரவில்லை.

வேலைக்கு வருகிறேன். பதினான்கு கிலோமீட்டர் என்றால் குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறாது. 'இங்கிருந்து அங்கே வரை' என்றால்தான் ஏறும். உதாரணத்துக்கு, உங்கள் வீட்டு மேசைமேல் தாளை விரித்து, சூரியனை உங்கள் கைப்பக்கமாக வையுங்கள். விண்மீன் இந்த ஊரில் எங்கே போய் விழும்? வரைபடத்தில் பார்த்து எழுதுங்கள். எந்தத் திசை என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன், வேண்டுமென்றால் சரிபாருங்கள். இந்த அளவில் உங்கள் மேசையிலிருந்து கிளம்பும் ஒளி அந்த விண்மீனுக்குப் போய்ச் சேர நாலேகால் வருஷம் ஆகும். நம் தபால்காரர் அதே தூரத்தை மூன்று நாளில் கடந்துவிடுகிறார். ஒளியே இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருமுறை வந்து, திரும்பிப் போய், மறுபடியும் கிளம்பிப் பாதி வழி தாண்டியிருக்கும்.

வகுப்பு இருக்கிறது. நூற்றிருபது குழந்தைகள் இருட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
மூன்றாம் தேதி கிளம்புகிறவள்


ஜூலை 6

அன்புள்ள உனக்கு,

தாளின் அச்சுப் படி இத்துடன் உருளையாகச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மடிப்பு விழாமல் பார்த்துக்கொள். கோடுகளின் இடம் எல்லாம் நான் பார்த்தாகிவிட்டது. நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

நீ கேட்டபடி வரைபடத்தில் பார்த்தேன். நான் பார்க்கவில்லை, முதலாளி அம்மா தன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தார். மேலிருந்து எடுத்த படத்தில் நம் வீட்டு மொட்டை மாடி தெரிகிறது, தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. அதில் ஒரு புள்ளி வைத்து நேர்கோடாக இழுத்தால் எவ்வளவு தூரம் என்று அதுவே சொல்கிறது. நான் திசை சொல்லச் சொல்ல அவர் இழுத்தார்.

"இது யார் வீட்டுக்கு சார் போகுது?" என்றார்.

"நட்சத்திரத்துக்கு," என்றேன்.

"நட்சத்திரம் குவார்ட்டர்ஸ்லயா குடியிருக்கு?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

பதினான்கு கிலோமீட்டர் நூற்றிருபது மீட்டரில் கோடு உன் தெருமுனையில் முடிந்தது. அங்கே ஒரு மருந்துக் கடை இருக்கிறதாம். உன் தெருவும் கோட்டின் திசையிலேயே உள்ளே போகிறது.

படத்தில் பார்த்தது சரியா என்று எனக்கு நிம்மதி இல்லை. குழந்தைகள் புத்தகம், தவறாகப் போய்விடக் கூடாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. கண்டக்டர், "அந்த ஸ்டாப்பா? அங்க யாருமே இறங்க மாட்டாங்களே சார்" என்றார். எனக்கு அப்போதே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

இறங்கி மருந்துக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர், "என்ன சார் வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாங்க. ஒரு அளவு சரிபார்க்கணும்," என்றேன்.

"பிரஷரா? உள்ள வாங்க சார், மெஷின் இருக்கு."

மறுத்துச் சொல்வதற்குள் ஸ்டூலில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். "கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. எங்கிருந்து வரீங்க, நடந்தா?" என்று கேட்டார். பஸ்ஸில் என்றேன். "யாரைப் பார்க்க?" என்றார். ஒரு தலைவலி மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உன் கட்டடம் தெரிந்தது. மூன்றாவது மாடியில் நீலச் சீலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அது உன்னுடையதுதானா என்று அங்கிருந்து எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரம் நின்றேன். என் கணக்கு அந்த இடத்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் உள்ளே வருவதற்கு என்னிடம் ஏதும் இல்லை. திரும்பிவிட்டேன்.

ஆக, புத்தகத்தில் 'தெருமுனை மருந்துக் கடை வரை' என்று போடலாம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். பயணத்துக்குக் கனமான பெட்டி வேண்டாம்.

இப்படிக்கு,
காற்புள்ளி


ஜூலை 13

காற்புள்ளிக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத வராது. மருந்துக் கடைக்காரர் நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "மேடம், ஒரு பெரியவர் வந்து பிரஷர் பார்த்துட்டு அரை மணி நேரம் வெயில்ல நின்னாரு. உங்க பில்டிங்கையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. சட்டைப் பையில ஸ்டீல் டேப் வச்சிருந்தாரு. போலீஸ்ல சொல்லலாமான்னு யோசிச்சேன்" என்றார். ஸ்டீல் டேப் என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நீலச் சீலை என்னுடையதுதான்.

வேறு ஒருத்தியாக இருந்தால் இதோடு எழுதுவதை நிறுத்தியிருப்பாள். நானும் நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் அச்சுப் படி மேசைமேல் கிடந்தது. ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தராமல் அச்சுக்குப் போகாது. கடமை என்று ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை கோளரங்கத்துக் கூடத்தில் தரையில் விரித்தேன். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனைக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, "மேடம், இந்தப் பக்கம் நெப்டியூன் ஆடுது, கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்று என்னை வேலை வாங்கினார். டேப் வைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரியாக 158 செ.மீ. 'சரியாக' என்று நீங்கள் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் டேப்பில் 158.6.

"ஆறு மில்லிமீட்டர்தானே மேடம், விடுங்க. நெப்டியூன் எங்க ஓடிடப்போகுது?" என்றார் வாட்ச்மேன்.

என்னால் விட முடியவில்லை. தாள் ஈரத்தில் நீண்டுவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. பிறகு உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அந்த 'அம்மையீர்' கடிதத்தை. ஒரு பாயிண்ட் 0.35146 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்குலத்தில் எழுபத்திரண்டேகால் சொச்சம். அது ஈய எழுத்து கோத்த காலத்துப் பாயிண்ட். அச்சுப் படி வந்தது கம்ப்யூட்டரிலிருந்து. அதற்கு அங்குலத்தில் முழுசாக எழுபத்திரண்டு, சொச்சம் கிடையாது. அந்தப் பாயிண்ட் 0.35278. உங்கள் முதலாளி அம்மாவுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். "ஐயோ, சார் இன்னும் அந்தப் பழைய அளவு அட்டையைப் பார்த்தா கணக்கு போடறாரு?" என்றார்.

தாளில் தவறு இல்லை. கோடுகள் எல்லாம் பாயிண்ட் கணக்கில் வர வேண்டிய இடத்தில் ஒழுங்காக வந்திருக்கின்றன. பாயிண்டை மீட்டராக்கிய இடத்தில் மட்டும்தான் பிசகு. ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லாத வித்தியாசம். புத்தகத்தில் ஒரு வரி அகலத்தில் யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே அதே பிசகைச் செய்தால் ஐந்தரை லட்சம் கிலோமீட்டர் காணாமல் போகும். நிலாகூட நான்கு லட்சத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

இனி நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான்கு கோடிப் பாயிண்டில் அந்தப் பிசகு எவ்வளவு என்று போட்டேன். ஐம்பத்து மூன்று மீட்டர். விண்மீன் பதினான்கு கிலோமீட்டர் நூற்றிருபது மீட்டரில் இல்லை. பதினான்கு கிலோமீட்டர் நூற்று எழுபத்து மூன்று மீட்டரில் இருக்கிறது.

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். மருந்துக் கடைப் படியில் டேப்பின் நுனியை வைத்தார். ஐந்து மீட்டர் டேப், வைத்து வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் வெளியே வந்து, "என்ன மேடம், ரோடு போடப்போறாங்களா?" என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஐம்பத்து மூன்றாவது மீட்டர் எங்கள் கேட்டுக்கு உள்ளே, மாடிப்படியின் முதல் படியில் வந்து முடிந்தது.

நீங்கள் நின்ற இடம் தப்பு. பழைய பாயிண்டில் வந்து நின்றிருக்கிறீர்கள்.

அச்சுப் படிக்கு ஒப்புதல் தந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் பிழையை நான் திருத்தவில்லை. அது ஆசிரியர் வேலை இல்லை.

பெரியவன் நேற்றும் போன் செய்தான். "என்னம்மா, பெட்டி கட்டியாச்சா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "ஏன்?" என்றான். ஒரு கணக்கு முடியவில்லை என்றேன்.

இப்படிக்கு,
முதல் படிக்கு மேல் மூன்றாவது மாடியில் இருப்பவள்


ஜூலை 19

அன்புள்ள உனக்கு,

இதில் தபால்தலை இல்லை. உன் வாட்ச்மேன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அவரே எழுந்து கொடுத்தார். "நெப்டியூன் சாரா நீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மருந்துக் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. ஒருவர் கூப்பிட்டு நான் நிற்காமல் போனது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. திரும்பும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிழைதிருத்தம்: '14 கி.மீ. 120 மீ.' என்பதை '14 கி.மீ. 173 மீ.' என்று திருத்தி வாசிக்கவும். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். 'தெருமுனை மருந்துக் கடை வரை' என்பதையும் நீக்கிவிடவும்.

இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. அலமாரியைப் பற்றிய பதில் அன்றைக்குச் சரியாக வரவில்லை என்று எழுதினேன் அல்லவா? அதற்கு அடுத்த நாள் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் அதைப் பிரித்துவிட்டார். "இதைப் பிரிக்க அரை மணி நேரம் ஆகுமா சார்? ஸ்க்ரூதானே" என்றார். ஸ்க்ரூ என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆணி அடித்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பலகைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. அது நின்றிருந்த இடத்தில் ஜன்னலோரமாக ஒரு மீட்டர் பத்து செ.மீ. விட்டத்துக்கு இடம் இருக்கிறது. சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஜன்னலில் வானம் அதிகம் தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. அதனால் மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். இப்போது தள்ளினால் திறக்கிறது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற நான் இருக்கிறேன். கொஞ்சம் மெதுவாக ஏறுவேன்.

நீ பெரியவன் வீட்டுக்குப் போக வேண்டாம். நம் வீட்டுக்கு வா.

எழுதியபின் வாசித்துப் பார்த்தேன். கட்டளை போல இருக்கிறது. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடிக்கவில்லை.

முதல் படியில் வந்து நிற்கிறேன். மேலே வரலாமா?

இப்படிக்கு,
உன் கணவன்


இதே தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வாட்ச்மேன் நின்றுகொண்டிருக்கிறார்.

பெரியவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கத்துவான், பிறகு சரியாகிவிடுவான்.

லிஃப்ட் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்த டேப்பை மட்டும் வாட்ச்மேன்கிட்டயே கொடுத்துட்டு வாங்க.